கட்டைவிரல் அளவு

கியூர்பீப்பில் மழை பெய்யாத நாளைப்
பஞ்சாங்கத்தில் குறித்து வைக்கலாம்.
அந்த ஊரில் இருந்துகொண்டு
ஈரம் பட்டால் மூச்சு நின்றுவிடும் காரை வாங்கினேன்.
ஐம்பத்தொன்பதாம் வருஷத்து மோரிஸ் மைனர்,
ஊறவைத்த பச்சைப்பயறின் நிறம்.
விற்றவர் மஹேபூர்க்காரர். வெயில் ஊர்.
"ஒரு குறையும் இல்லை மதாம்" என்றார்.
அங்கே அது உண்மைதான்.

திரும்பும் பக்கம் சொல்ல
கதவோரத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை எழும்பும்,
விடை தெரிந்த பிள்ளை போல.
இடது கை எழுந்தால் இறங்காது.
ஃபீனிக்ஸ் வரைக்கும்
இதோ திரும்புகிறேன், இதோ திரும்புகிறேன் என்று
பொய் சொல்லிக்கொண்டே நேராகப் போவோம்.
பஸ்காரர்கள் பழகிவிட்டார்கள்.

என் கணவர் தேவராசனிடம் நிசான் இருக்கிறது.
சாவியைத் திருப்பினால் கிளம்பும்.
அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இதற்கோ
சோக்கை இரண்டு விரற்கடை வெளியே இழுக்கணும்,
அரை விரற்கடை உள்ளே விடணும்,
இன்றைக்கு என்ன மனசோ என்று
உள்ளங்காலால் கேட்கணும்.
பிடித்துவிட்டால், ஆகா,
விருந்து முடிந்து எழுகிற பெரிய மனுஷன்
தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம்.
ஸ்டியரிங் வழியாக முழங்கை வரை ஏறும்.
அதற்காக எத்தனை காலைகளைத் தொலைத்தேன் என்பதற்கு
ஆபீஸில் என் பேருக்கு நேரே
சிவப்பு மையில் சாட்சி இருக்கிறது.

இந்த ஊரில் பாதிப் பேரை எனக்குப்
பின்பார்க்கும் கண்ணாடியில்தான் தெரியும்.
குனிந்த தலை, நனைந்த தோள், தள்ளும் கைகள்.
காவடிக்குப் போய்க்கொண்டிருந்த
ரோஜாநிற வேட்டிக்காரர்கள் நான்கு பேர்.
அங்கி நனைய ஒரு பாதிரியார்.
டோல்பூரி வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த அஷ்ரஃப்,
கையில் பருப்பு வாசத்தோடு.
இறங்கி நன்றி சொல்ல முடியாது,
நிறுத்தினால் நின்றுவிடும்.
ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டே
போய்விடுவேன், நன்றிகெட்டவள்.

போன மாதம் கிராண்ட் பே ஹோட்டல்காரர் ஒருவர் வந்தார்.
கல்யாண ஜோடிகளை
மாதா கோயிலிலிருந்து கடற்கரைக்கு ஏற்றிப்போக வேண்டுமாம்.
அவர் சொன்ன விலையைக் கேட்டு
தேவராசன் இரண்டாவது தேநீர் போட எழுந்தார்.
"சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கிறேன்" என்றார் மிஸ்யே.

வெள்ளி இரவு இழுத்துப் பார்த்தேன்.
முதல் இழுப்பிலேயே கிளம்பியது!
ஆறு வருஷமாக எனக்குக் காட்டாத பணிவு.
யாரோ ஒருவருக்காகத் தலைவாரி நிற்கிறது.
எரிந்தது எனக்கு.
பானட்டைத் தூக்கினேன்,
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன்,
ரோட்டரை உருவினேன்.
கட்டைவிரல் அளவு, கறுப்பு,
தலையில் ஒரு பித்தளைத் தகடு.
ஹவுஸ்கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை வெயில், கியூர்பீப்பில்!
பச்சைப்பயறு நிறம் கண்ணைப் பறித்தது.
மிஸ்யே ஒன்பது தடவை இழுத்தார்.
தேவராசன் கொடுத்த தேநீர் ஆறிப்போனது.
"அழகுதான், ஆனால்..." என்று
அந்த 'ஆனால்'-ஐ வாசல்வரை கொண்டுபோனார்.
நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன்.
விரல் பித்தளையைத் தடவிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மழை பிடித்தது.
ரோட்டரைப் பொருத்தி, உட்கார்ந்து,
சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டரை இழுத்தேன்.
ஊஹூம்.
இந்தத் தடவை
அதன் சொந்த விருப்பம்.
சிரிப்பு வந்துவிட்டது,
கதவிடுக்கில் வழிந்த தண்ணீர்
மடியில் சொட்டச் சொட்டச் சிரித்தேன்.

கண்ணாடியில் ஒரு குனிந்த தலை.
தெரிந்த வழுக்கை.
பாக்கெட்டில் என்ன வைத்திருந்தாய் என்று
காலையிலும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை,
நனைந்துகொண்டு தள்ளினார் தேவராசன்.

சரிவில் இருமி, செருமி, உயிர் வந்தது.
நான் எதையும் தொடவில்லை.
இடது கை
தானாக எழுந்து நின்றது.
நேராகப் போனேன்.